மேட்டுக் காணியும் பள்ளத்துக் கிணறும்

இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தைப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப்பற்றி விசாரித்தாலும், வீட்டுக்காரர் அதன் மூன்று குணங்களைச் சொல்லிப் பெருமைப்படுவார்: தெளிவாயிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது, மாசி மாத வரட்சியிலும் வற்றுவதில்லை. மூன்றும் உண்மையே. ஆயினும், அந்த ஜலம் குடிக்கத் தக்கதுதானா என்ற விஷயத்தில் மூன்றில் ஒன்றுகூடச் சாட்சி சொல்லாது. இரத்தினபுரி நகரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழையில் கஹவத்தைக்கும் தாராளமாகப் பங்குண்டு. பெய்த மழை மலைச்சரிவின் செம்மண்ணிலும் சரளையிலும் விரைவாக இறங்கி, அடியிலுள்ள கடும்பாறையைத் தொட்டவுடன் அதன்மேல் வழிந்து, உப்பும் சுண்ணமும் கரைவதற்குப் போதிய அவகாசம் பெறாமலே கிணற்றை வந்தடைவதால், எங்கள் பக்கத்துத் தண்ணீர் மென்மையாகவும் ருசியாகவும் இருக்கிறது. சவர்க்காரம் போட்டால் நுரை பொங்குகிறது. இதே மாவட்டத்தின் தெற்கோரமாக எம்பிலிப்பிட்டிய, உடவளவைப் பக்கம் இறங்கினால், வரண்ட பூமியின் கிணற்று நீர் கல்லின் உப்பையும் புளோரைட்டையும் சுமந்து வந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக வெளிப்படுவதைக் காணலாம். அங்கே தண்ணீருக்கு மண்ணோடு பழக நேரம் அதிகம், இங்கே குறைவு. ஆனால், கல்லின் உப்பை ஏற்றிக்கொள்ள நேரமில்லாத நீருக்கு, வழியில் ஏற்ற அழுக்கை இறக்கிவைக்கவும் நேரமில்லை என்பதைத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக நான் இருந்த காலம் முழுவதிலும் திரும்பத் திரும்பக் கண்டேன்.

இதை முதலில் எனக்கு உணர்த்தியவை தோட்டத்துப் புத்தகங்கள் இரண்டு. என் தகப்பனார் ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தவர். தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைப்பற்றிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்களின் வழியாக வந்த ஏற்பாட்டில், தோட்டங்களிலே மருந்துச் சாலையும், அங்கே நோயாளர் பதிவேடும் உண்டு. மழைமானியின் அளவை நாள்தோறும் குறித்துவைக்கும் இன்னொரு புத்தகம் ஆபீஸில் உண்டு. அது கொழுந்தின் விளைச்சலைக் கணிப்பதற்காக எழுதப்பட்டதேயன்றி, நோயைக் கணிப்பதற்காக அன்று. விடுமுறை நாட்களில் பொழுது போகாமல் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, வைகாசி மழை இறங்கிச் சில நாட்களில் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் என்று எழுதிய வரிகள் நெருங்கி வருவதும், மழை நின்று நிதானப்பட்டதும் அவை விலகிப்போவதும், ஐப்பசியில் மறுபடியும் நெருங்குவதும் பள்ளிக்கூடப் பையனுக்கும் விளங்கும்படி இருந்தன. தகப்பனாரிடம் கேட்டேன். "மழைத் தண்ணி நோயைக் கொண்டுவராது தம்பி, மழை வர்ற வழியில இருக்கிறதைத்தான் கொண்டுவரும்" என்றார். பிற்காலத்தில் பயிற்சி வகுப்பிலே நுண்ணுயிரியல் புத்தகத்தில் நான் படித்தது அந்த வார்த்தையின் விரிவுரையாகவே எனக்குத் தோன்றிற்று.

ஆகவே கிணற்றைப் பரிசோதிக்கிறவன் கிணற்றடியில் வேலையைத் தொடங்கக்கூடாது. நான் சென்ற வீடுகளில் மாதிரி எடுக்கும் போத்தலைத் திறப்பதற்கு முன் மேலே ஏறிப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. எங்கள் சிறு காணிகளின் அமைப்பு அப்படி. மலையை வெட்டித் தட்டாக்கிய இடத்தில் வீடு. குறைந்த ஆழத்தில் நீர் கிடைக்கும் என்பதற்காகக் காணியின் தாழ்ந்த மூலையில் கிணறு. வீட்டுக்குப் பின்னே அரை ஏக்கர் தேயிலை. அதற்கும் மேலே இன்னொருவருடைய காணி, அவருடைய மாட்டுப் பட்டி, அவருடைய மலசலகூடக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டுமென்பது யாவரும் அறிந்த விதி. வீட்டுக்காரரும் அதை அறிவார். தம் குழியிலிருந்து தம் கிணற்றுக்கு நாடா பிடித்து அளந்து, அறுபது இருக்கிறது பாருங்கள் என்று காட்டவும் காட்டுவார். அடுத்த காணிக்காரரின் குழி, வேலிக்கு அப்பால், நேர் மேலே, முப்பதடியில் இருப்பதை அவர் அளந்திருக்கமாட்டார். அது அவருடைய சொத்தன்று. சமதரையில் பிறந்த விதியைச் சரிவிலே பிரயோகிப்பதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது: சரளைப் படை ஒன்று குழியின் அடியிலிருந்து கிணற்றின் வளையம்வரை சாய்ந்து ஓடினால், ஐம்பதடி என்பது ஒரு நல்ல மழையின் தூரந்தான். தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து, அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டு மேலே ஏறினால், இந்தச் சரளை வெட்டுமுகங்களிலே சிவந்து தெரியும். அங்கே நீர் கசிகிறதா, கான் எந்தப் பக்கம் திரும்புகிறது, எரு எங்கே குவிந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு இறங்கினால், ஆய்வுகூடத்துப் பதில் எப்படி வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மேட்டுக் காணிக்காரரைக் குற்றவாளியாகக் கருதவேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் விவசாய ஊரில், கனமழை ஒன்று மாட்டெருவின் கிருமியை ஆழங்குறைந்த பொதுக் கிணறு ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள். எருவிட்ட விவசாயி முறை தவறாமலே நடந்துகொண்டார் என்றுதான் விசாரணை ஆணைக்குழு முடிவு கூறிற்று. குற்றம் கிணற்றின் இடத்திலும், குளோரினைக் கவனியாதவர்களின் அலட்சியத்திலும் இருந்தது. எங்கள் பக்கத்திலோ, கிணற்றுப் பரிசோதனை அறிக்கையின் ஒரு பிரதி வேலிச் சண்டைக்கு ஆயுதமாகிவிடுகிறது. ஆதலால் மேலே உள்ளவரின் பெயரைக் காகிதத்தில் எழுதாமல், "கிணற்றுக்கு மேற்புறச் சரிவிலுள்ள குழி" என்று மட்டும் எழுதும் பழக்கத்தை நான் கைக்கொண்டேன்.

மாதிரி எடுப்பது சிறு வேலைபோலத் தோன்றும். பழுது நேர்வது பெரும்பாலும் அதிலேதான். கிருமிநீக்கிய கண்ணாடிப் போத்தலின் மூடியைக் கழற்றினால் அதைத் தரையிலோ கிணற்றுக் கட்டிலோ வைக்கக்கூடாது. சுண்டுவிரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டே மற்ற வேலையைச் செய்யவேண்டும். போத்தலைக் கிணற்று நீரால் கழுவக்கூடாது. குளோரின் இட்ட நீராயின் அதன் வலுவை உடனே முறிப்பதற்காகத் தயோசல்பேற் அதற்குள்ளே முன்னரே இடப்பட்டிருக்கும், கழுவினால் அது போய்விடும். அடியில் கல் கட்டிய சுத்தமான கயிற்றில், சுவரைத் தொடாமல், மேற்பரப்பின் தூசியையும் அடியின் சேற்றையும் தவிர்த்து நடுநீரில் இறக்கி, கழுத்துவரை நிரப்பாமல் சிறிது காற்றிடம் விட்டு, மூடிச் சுட்டுத்துண்டில் நேரத்தை எழுதி ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். வீட்டு வாளியில் மொண்டு போத்தலில் ஊற்றினால் நாம் பரிசோதிப்பது வாளியைத்தான். எடுத்த நீர் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேர்வது உத்தமம். குளிரில் வைத்தாலும் இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் பெட்டியை அனுப்பவேண்டியிருந்தால், விடிவதற்குள் கிணற்றடியில் நின்று, முதல் பஸ்ஸின் நடத்துநரிடம் பெட்டியை ஒப்படைத்து, அவருக்குத் தேநீருக்கும் ஏதாவது கொடுத்துவிட வேண்டும். இந்தச் செலவுக்குக் காரியாலயத்துக் கணக்கில் தலைப்புக் கிடையாது.

கையோடு கொண்டுபோகும் கருவிப் பெட்டி வந்தபின் இந்த அலைச்சல் குறைந்தது. 100 மில்லிலீற்றர் நீரை மெல்லிய சவ்வின் வழியாக இழுத்து, அந்தச் சவ்வைப் போஷாக்குத் திரவம் ஊறிய பஞ்சுத் தட்டின்மேல் பரப்பி, 44 பாகைச் சூட்டில் ஓர் இரவு வைத்தால், மலத்திலிருந்து வந்த கிருமிகள் இருந்தால் காலையில் மஞ்சள் பொட்டுகளாக எழுந்திருக்கும். எண்ணினால் கணக்கு வரும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 614 என்னும் குடிநீர்த் தரம் கேட்பது, 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே. வாய்க்காலின் ஓரத்தில் வெட்டிய கிணறுகளில், முதல் மழைக்குப் பின், பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணமுடியாதபடி மஞ்சளாய்ப் படர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கிணறுகளின் தண்ணீரும் தெளிவாகவே இருந்தது.

ஆனால் மஞ்சள் பொட்டும் ஆங்கிலத்தில் அச்சடித்த அறிக்கையும் எனக்குத்தான் சாட்சி, குடிக்கிறவர்களுக்கு அல்ல. அவர்களை நம்பவைத்தது வேறொரு சிறு போத்தல். இரும்புச் சத்தும் கந்தகச் சத்தும் ஊறவைத்து உலர்த்திய கடதாசித் துண்டு ஒன்றை உள்ளே வைத்த அந்தப் போத்தலில் கோடுவரை நீரை ஊற்றி நிழலில் வைத்துவிட்டால், மலக்கழிவோடு வரும் சில கிருமிகள் வாயுவை உண்டாக்கி ஓரிரு நாளில் நீரைக் கறுப்பாக்கிவிடும். குவாலியரில் இந்திய விஞ்ஞானிகள் மூவர் கண்டு, 1982இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட முறை அது. எத்தனை கிருமி என்று அது சொல்லாது. மண்ணிலுள்ள வேறு உயிர்களாலும் சிலவேளை கறுக்கும். ஆகையால் படித்தவர்கள் அதைக் குறைத்துப் பேசுவதுண்டு. என் அபிப்பிராயம் வேறு.

தோட்டத்திலிருந்து பேர் நின்ற ஒரு மூதாட்டி, ஈ.பீ.எப். பணத்தில் சில பேர்ச்சஸ் காணி வாங்கி, மகனோடு சேர்ந்து கிணறு வெட்டியிருந்தார். தண்ணீர் சரியில்லை என்று நான் சொன்னவுடன் அவருக்கு ஏற்பட்ட வருத்தம் சாதாரணமானதன்று. "லயத்துல இருந்த காலமெல்லாம் பீலித் தண்ணிதாங்க ஐயா. எங்க பேருல ஒண்ணுன்னு இருக்கிறது இந்தக் கெணறுதான். இதையும் அழுக்குன்னா நாங்க எங்கதான் போறது?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்லாமல் இரண்டு போத்தல்களைக் கொடுத்து, ஒன்றில் கிணற்று நீரையும், மற்றொன்றில் கொதித்து ஆறிய நீரையும் அவர் கையாலேயே ஊற்றவைத்தேன். அவற்றைச் சாமிப்படத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் போகுமுன்பே கேத்தில் அடுப்பிலிருந்தது. "ஒண்ணு கரி மாதிரி ஆயிருச்சுங்க, மத்தது அப்பிடியே இருக்கு" என்று சொல்லி, பேரப்பிள்ளையிடம் இரண்டையும் தூக்கிக் காட்டச் செய்தார். அதன்பின் அந்த வீட்டில் உபதேசத்துக்கு இடமிருக்கவில்லை. கிணற்றின் மேல் வளையங்களைச் சீமெந்தால் அடைத்து, சுற்றித் தளம் போட்டு, கழிவுநீருக்குக் கான் வெட்டினார்கள். மேலே இருந்தவரும் கறுத்த போத்தலைப் பார்த்தபின் குழியை வேறிடத்துக்கு மாற்றச் சம்மதித்தார். அடுத்த மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியில் மஞ்சள் பொட்டுகள் மிகக் குறைந்திருந்தன, முற்றாக நீங்கவில்லை. ஆகவே கொதிக்கவைப்பதை நிறுத்தவேண்டாம் என்றே சொல்லிவந்தேன்.

ஜனங்கள் அஞ்சுகிற பொருள் வேறு, அவர்களை வருத்துகிற பொருள் வேறு என்பதற்கு உதாரணங்கள் பல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எங்கும் பரவியபோது (2019இல் உயர் நீதிமன்றம் கிணற்றுக்காரர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்த அதே விவகாரம்), கஹவத்தைப் பக்கத்திலும் "கிணத்தில எண்ணெய் மிதக்குது" என்று முறைப்பாடுகள் வந்தன. போய்ப் பார்த்தால் நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். ஒரு குச்சியால் அதைக் கலைத்தால் ஓடுபோல உடைந்து துண்டு துண்டாக விலகி நிற்கும். எண்ணெயாயின் உடனே மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். உடைவது இரும்புச் சத்தை உண்டு வாழும் நுண்ணுயிரின் படலம். எங்கள் செம்மண்ணில் அது சகஜம். வேட்டியில் துருக்கறை ஏற்றுமேயன்றி வயிற்றைக் கெடுக்காது. இறப்பர் பால் உறையவைக்கும் கொட்டகைகளின் கீழ்ப்புறம் உள்ள கிணறுகளின் கதை இதற்கு மாறு. அமிலம் கலந்த கழுவுநீர் மண்ணில் ஊறி இறங்கிய இடங்களில், மூக்கே முதற் பரிசோதனைக் கருவி. அமிலத்தைக் காட்டும் கடதாசிச் சோதனை அதை உறுதிசெய்ய மட்டுமே தேவைப்பட்டது.

உரத்தைப்பற்றிக் கேட்காத விவசாயி இல்லை. யூரியாவின் நைதரசன் நைத்திரேற்றாக மாறி நீரோடு இறங்குகிறது. அந்த நீரைக் குடித்த கைக்குழந்தை நீலம் பாரிப்பது 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளை வைத்து ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர் எழுதியபின் உலகறிந்த விஷயம். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிந்து விளையும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் பூமியில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்த கிணறுகள் ஏராளம். என் கைக்கு வந்த தேயிலைச் சரிவுக் கிணறுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு வெகு கீழேயே நின்றன. பெருமழை கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. மரக்கறித் தோட்டமும் மாட்டுப் பட்டியும் கிணற்றை ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் எண் ஏறிற்று. இதில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். அறிக்கையில் எழுதியிருப்பது நைத்திரேற்றா, அல்லது நைத்திரேற்றிலுள்ள நைதரசன் மட்டுமா என்று பார்க்கவேண்டும். பின்னதாயின் எல்லை 50 அன்று, ஏறக்குறைய 11. மற்றது, நைத்திரேற்றைக் கொதிக்கவைத்துப் போக்கமுடியாது. நீர் வற்ற வற்ற அது செறிவடையவே செய்யும்.

களை மருந்து விஷயத்தில் எங்கள் கருவிப் பெட்டி ஊமை. அதற்குக் கொழும்பிலுள்ள பெரிய ஆய்வுகூடங்கள் வேண்டும். செலவு ஒரு சிறு காணிக்காரரால் தாங்கக்கூடியதன்று. கிளைபோசேற்றை அரசாங்கம் 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியபோது கடைத்தெருவில் நடந்த வாதங்கள் கொஞ்சமல்ல. அந்த வாதத்தில் தீவிரமாயிருந்த ஒருவரின் கிணற்றில், களை மருந்து வந்த பிளாஸ்ரிக் கேனின் வாயை அறுத்துச் செய்த வாளி தொங்கிக்கொண்டிருந்தது. தொலைதூரத்து ஆய்வுகூடத்தை எதிர்பாராமல் அன்றைக்கே செய்யத்தக்க காரியம் அந்தக் கேனை அகற்றுவதுதான்.

2003ஆம் ஆண்டு மே மாத நடுவில் வந்த வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு மறக்கத்தக்கவை அல்ல. களு கங்கையும் வே கங்கையும் ஊருக்குள் புகுந்து வடிந்தபின், மாணிக்கக் குழிகளின் சேறு, செத்த விலங்கு, குழிகளின் கழிவு எல்லாம் கலந்த நீர் தாழ்நிலக் கிணறுகளில் தங்கிவிட்டது. பம்பு கிடைத்தவர்கள் உடனே இறைத்து வெறுமையாக்க முனைந்தார்கள். சுற்றிலும் மண் நீரூறியிருக்கையில் கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால் வெளியழுத்தத்தால் சுவர் உள்ளே சரியும் என்று தடுப்பதே எங்களுக்கு முதல் வேலையாயிற்று. சேறு படிந்தபின் சிறுகச் சிறுக இறைத்து, சுவரைத் தேய்த்து, பின்னரே வெளிற்றும் தூள். எவ்வளவு தூள் என்பதற்கு, முதலாம் உலக யுத்தக் காலத்து ஆங்கிலப் படை வைத்தியர் ஹொரொக்ஸ் அமைத்த பெட்டி உதவிற்று. கறுப்புக் கிண்ணம் ஒன்றில் ஒரு கரண்டித் தூளைக் குழைத்துக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்கள் ஆறில் கிணற்று நீரை நிரப்பி, முதலாவதில் ஒரு துளி, இரண்டாவதில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போய்க் கலக்கி, அரை மணி நேரம் சென்றபின் மாப்பொருள் கலந்த அயடைட்டைச் சொட்டினால், கிருமியையும் அழுக்கையும் தின்றபின் குளோரின் எந்தக் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கிறதோ அது நீலமாகும். மூன்றாவது முதலில் நீலமானால், 455 லீற்றருக்கு மூன்று கரண்டி, அதாவது ஆறு கிராம். வீட்டுக்காரர்கள் சூழ்ந்து நின்று எந்தக் கிண்ணம் நீலமாகும் என்று பந்தயம் பிடிப்பார்கள். சேற்று நீரில் ஆறாவது கிண்ணமும் வெள்ளையாகவே இருந்தால், இன்னும் படியவிட்டு இறைக்கவேண்டும் என்பதை நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நீர் வழங்கல் சபையின் குழாய் நீரைப் பரிசோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். உங்கள் சொந்தக் கிணற்றை நீங்கள் கேட்டாலன்றி ஒருவரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆகவே கிணறு வைத்திருப்போர், வைகாசி மழை இறங்கிய முதல் இரு வாரங்களுக்குள் ஒருமுறையும், மாசி வரட்சியில் ஒருமுறையும், தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போய்ப் பரிசோதனை வேண்டுமென்று கேளுங்கள். வரட்சியில் மட்டும் எடுத்த நல்ல அறிக்கையை நம்பவேண்டாம். பதில் வரும்வரை கொதிக்கவைத்த நீரையே குடியுங்கள். பரிசோதகர் வரும் நாளில் மேட்டுக் காணிக்காரரையும் கிணற்றடிக்கு அழைத்துவாருங்கள். அவருடைய கிணறும் இன்னொருவருடைய காணிக்குக் கீழேதான் இருக்கும்.